மஞ்சள் தீ, 'டப்' சத்தம், நிற்காத சிம்: கேஸ் அடுப்பு எங்கே மக்கர் செய்கிறது?

போன மாதம் ஒரு காலை அத்தையிடமிருந்து போன்.

"டேய், அடுப்பு ஒரே மஞ்சளா எரியுதுடா. பாத்திரத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு கை போச்சு. ரிப்பேர்காரர் வந்து பார்த்துட்டு ரெகுலேட்டரை மாத்தணும்னு சொல்லிட்டுப் போயிருக்கார்."

"ரெண்டு பர்னரும் அப்படியா அத்தை, ஒண்ணு மட்டுமா?"

"பெருசு மட்டும்தான். சின்னது எப்பவும் போலத்தான் இருக்கு."

அப்படியென்றால் ரெகுலேட்டர் மேல் தப்பில்லை. ஒரே ரெகுலேட்டர், ஒரே டியூப் வழியாகத்தான் இரண்டு பர்னருக்கும் கேஸ் வருகிறது. அங்கே கோளாறு இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் அழும். ஒன்று மட்டும் தகராறு செய்தால் வியாதி அந்த பர்னரில், அதன் ஜெட்டில், அல்லது அதன் நாப்புக்குப் பின்னால் இருக்கிறது. கேஸ் அடுப்பில் எந்தத் தொல்லை வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒன்றா, எல்லாமா? பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். தேவையில்லாமல் வாங்கும் சாமானும் குறையும். அப்புறம் இன்னொன்று, ரெகுலேட்டர் கேஸ் ஏஜென்சி கொடுப்பது. பழுதானால் அங்கேதான் மாற்ற வேண்டும், ரிப்பேர்காரர் பையிலிருந்து அல்ல.

மீதிப் பாதி புரிய, கேஸ் வரும் வழியை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. அதிலிருந்து ஆவியாக மேலே எழுவது ரெகுலேட்டருக்கு வருகிறது. ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்ற அளவில் டியூபுக்குள் விடுகிறது. ஒரு குடத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் என்ன அழுத்தமோ, அவ்வளவுதான். டியூபிலிருந்து அடுப்பின் உள் குழாய், அங்கிருந்து நாப்புக்குப் பின்னால் இருக்கும் வால்வு, அதன் முனையில் ஜெட். ஜெட் என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போட்ட பித்தளைத் துண்டு. அந்தத் துளையிலிருந்து கேஸ் சீறி வரும்போது பக்கத்தில் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. மிக்ஸிங் டியூப் என்பார்கள். அங்கே இரண்டும் கலந்து பர்னர் துளைகள் வழியாக வெளியே வந்து எரிகின்றன. ஒரு பங்கு கேஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். கொஞ்சம் உள்ளேயே கலந்து வருகிறது, மீதியைத் தீ சுற்றியிருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கீழே வரும் முக்கால்வாசிக் கோளாறு இந்தக் காற்றுக் கணக்கு தப்புவதால் வருவதுதான்.

கேஸ் வாடை அடிக்கிறது

இதை மட்டும் ஆராய்ச்சி செய்யாமல் முதலில் அடக்க வேண்டும். கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்கேப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். மூக்கில் பட்டதும் எரிகிற அடுப்பு, சாமி விளக்கு, ஊதுவத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து விடுங்கள். எந்த மின் சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் வாடை போய்விடும் என்று கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். அந்தப் பொறி போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தேங்கும். அதனால் மேலே இருக்கும் ஜன்னலைவிடக் கதவைத் திறப்பது முக்கியம்.

ரெகுலேட்டரை மூடிய பிறகும் சிலிண்டர் பக்கம் 'உஸ்' என்று கேட்டால், ரெகுலேட்டரைக் கழற்றி, நூல் கட்டிய பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதை வால்வில் அழுத்திப் போட்டு, முடிந்தால் சிலிண்டரை வெட்டவெளிக்குக் கொண்டுபோய் வையுங்கள். பிறகு வீட்டுக்கு வெளியே நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இருக்கும் எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள். அந்த மூடியை அலமாரி மூலையில் எறியாமல் சிலிண்டர் கழுத்திலேயே தொங்க விடச் சொல்வது இதற்காகத்தான்.

வாடை லேசாக, எப்போதாவது வருகிறது என்றால் சோப்புத் தண்ணீர் போதும். ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து நுரையைத் தொட்டு, சிலிண்டர் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், டியூபின் இரண்டு முனை, டியூபின் நீளம் முழுக்க என்று தடவிக்கொண்டே வாருங்கள். குமிழி கிளம்பும் இடம்தான் ஓட்டை. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். புது சிலிண்டர் மாட்டிய அன்று ரெகுலேட்டர் பக்கம் குமிழி வந்தால் பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் போயிருக்கும். சிலிண்டர் கொண்டுவருபவரை நிறுத்திவைத்து, மூடியைத் திறந்து சோதித்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள். எடையையும் அங்கேயே பார்த்துவிடலாம்: சிலிண்டரில் பொறித்திருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ சேர்த்தால் வர வேண்டிய கணக்கு. டியூபை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எலி கடித்ததோ வெடிப்பு விட்டதோ இருந்தால் அன்றைக்கே.

சிலிண்டர் தீரப் போகும் நேரத்தில் மட்டும் வாடை வந்தால் அதற்கு வேறு காரணமும் உண்டு. மெர்கேப்டன் கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் அடியில் தங்கிப்போய், கடைசிக் கொஞ்ச கேஸில் நாற்றம் தூக்கலாக இருக்கும். என்றாலும் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நிம்மதியாக இருங்கள்.

தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தில் கரி பிடிக்கிறது

முதலில் எந்த மஞ்சள் என்று பாருங்கள். நீலத் தீக்கு நடுவே ஆரஞ்சுப் பொறி பொறியாகத் தெறித்து, சில நிமிடத்தில் போய்விடுகிறது என்றால் அது உப்பு. ரசமோ சாம்பாரோ வழிந்து காய்ந்த இடத்தில் இருக்கும் உப்பு சூடானதும் தீக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும். மாவுத் தூள், பெருக்கிய தூசி விழுந்தாலும் இப்படித்தான். பயப்பட ஒன்றுமில்லை, துடைத்தால் சரி.

தீயின் நுனி நீண்டு, சோம்பலாக ஆடிக்கொண்டு, பளிச்சென்ற மஞ்சளில் எரிந்து பாத்திர அடியில் கரி அப்பினால் விஷயம் வேறு. காற்று போதவில்லை. எரியாமல் மிஞ்சிய கரித்துகள்தான் சூட்டில் மஞ்சளாக மின்னுகிறது, அதுவே பாத்திரத்தில் ஒட்டுகிறது. கேஸ் வீணாவதோடு, அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடும் வரும். ஜன்னல் மூடிய சின்ன சமையலறையில் தலைவலி வருவதற்கு இது காரணமாகலாம். கரி பிடிப்பதைத் தேய்க்கிற வேலையாக மட்டும் நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். பர்னர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? கழுவிவிட்டு அவசரத்தில் வைக்கும்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். கையால் அசைத்தால் ஆடக் கூடாது. பாத்திரம் பர்னரை ரொம்ப நெருக்கி உட்கார்ந்திருக்கிறதா? கேஸ் மிச்சமாகும் என்று சந்தையில் விற்கும் வலைத் தட்டு, வளையம் எதையாவது பர்னர் மேல் கவிழ்த்திருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். தீக்கு வெளிக்காற்று கிடைக்காமல் போவதற்கும், தீயின் உள் நீலக் கூம்பு நேராகப் பாத்திரத்தில் முட்டி அரைகுறையாக அணைவதற்கும் இவைதான் பாதிக் காரணம். பணமும் போய் கேஸும் போவது இதில்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது பர்னர் துளைகள். அடுப்பு ஆறிய பிறகு, ரெகுலேட்டரை மூடிவிட்டு, பர்னரைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். துளை துளையாக வெளிச்சம் தெரிய வேண்டும். பால் பொங்கியதும், சாதம் வடிந்த கஞ்சியும் காய்ந்து துளையை அடைத்திருக்கும். பித்தளை பர்னருக்கு நம் வீட்டுப் புளியைவிட நல்ல மருந்து இல்லை. வெந்நீரில் புளியைக் கரைத்து ஒரு கைப்பிடி உப்பு போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தால் போதும். ரொம்ப நாள் அழுக்கென்றால் இராத்திரி முழுக்க ஊறட்டும். அலுமினியக் கலவை பர்னரென்றால் சமையல் சோடாவிலோ கார சோப்பிலோ ஊறப் போடாதீர்கள், கறுத்துப்போகும். வார்ப்பிரும்பு பர்னருக்குப் புளி வேண்டாம், துருப்பிடிக்கும். அதற்கு வெறும் பிரஷும் துணியும்தான்.

அடைத்த துளைகளை ஊக்கு முனையால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுங்கள். விளக்குமாற்று ஈர்க்கு வேண்டாம், நுனி உடைந்து உள்ளேயே தங்கினால் முதலுக்கே மோசம். கழுவிய பர்னரை உடனே மாட்டாமல் வெயிலில் கவிழ்த்து வைத்து நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே தண்ணீர் தங்கியிருந்தால் தீ படபடவென்று துடிக்கும், 'சுத்தம் பண்ணியும் சரியாகலையே' என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்கள்.

அத்தை வீட்டுப் பர்னரில் இதெல்லாம் ஒன்றுமில்லை. துளைகள் பளபளவென்று இருந்தன. அவர் தினமும் தேய்ப்பவர். ஆனால் போன் வருவதற்கு முன் இரண்டு மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார். அடுப்பு அத்தனை நாளும் சும்மா கிடந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி, அடுப்பிலிருந்து டியூபையும் உருவிவிட்டு, அடுப்பைத் துணி மேல் கவிழ்த்தேன். அடியில் பார்த்தால் ஜெட்டின் முனை மிக்ஸிங் டியூப் வாயில் சற்றே நுழைந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். காற்று நுழைவது அந்த இடைவெளி வழியாகத்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய பர்னரின் குழாய் வாயில் வெள்ளையாக ஒட்டடை. அதற்குள் முழுத் துவரை அளவில், பழுப்பு நிறத்தில், விளிம்பில் சின்னப் பல் பல்லாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கரப்பானின் முட்டைக் கூடு. அத்தை "சீ" என்று இரண்டடி பின்னால் போய்விட்டார். பால் பாட்டில் கழுவும் பிரஷை உள்ளே விட்டு நாலு தடவை சுழற்றி, மேல் பக்கமிருந்தும் ஒரு தடவை விட்டு, துணி கோத்த கம்பியால் துடைத்து மாட்டினோம். தீ நீலமாக, குட்டையாக, சத்தமில்லாமல் வந்தது. புது ரெகுலேட்டருக்கு வேலையே இல்லை.

ஊருக்குப் போய்விட்டு வந்து அடுப்பு மஞ்சளாக எரிந்தால், முதலில் இந்தக் குழாயைத்தான் பார்க்க வேண்டும். சிலந்திக்கும் கரப்பானுக்கும் இருட்டான, கதகதப்பான அந்தச் சந்து ரொம்பப் பிடிக்கும்.

குழாயும் சுத்தம், துளையும் சுத்தம், இன்னும் மஞ்சள்தானா? ஜெட்டை யாராவது ஊசியால் குத்தினார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். பித்தளை மென்மையானது. பர்னர் துளையைக் குத்துகிற மாதிரி ஜெட்டைக் குத்தினால் துளை பெரிதாகி, கேஸ் கூடுதலாக வந்து, காற்று போதாமல் போய்விடும். அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் பலனில்லை, ஜெட்டையே மாற்ற வேண்டும். அடைப்பு எடுக்கத்தான் வேண்டுமென்றால் மின் ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை விட்டு எடுங்கள், அல்லது கழற்றி எதிர்ப்பக்கமிருந்து ஊதுங்கள். கழற்றினால் எது பெரிய பர்னருடையது, எது சின்னதுடையது என்று தனித்தனியாக வையுங்கள். இரண்டுக்கும் துளை அளவு வேறு. மாறிப் போனால் சின்ன பர்னர் மஞ்சளாக ஓங்கி எரியும், பெரியது சோகமாக எரியும்.

எல்லா பர்னரும் தணிவாக எரிகின்றன

இங்கே வியாதி சிலிண்டர் பக்கம். ஒரு பர்னர் தனியாக நன்றாக எரிந்து, இரண்டாவதைப் பற்ற வைத்ததும் முதலாவது தணிந்தால் அது இன்னும் உறுதி. சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கலாம். ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு கோடாகத் துடைத்துவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். திரவம் இருக்கும் மட்டம் வரை ஈரம் மெதுவாகக் காயும், மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

கேஸ் நிறைய இருக்கிறதென்றால் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, சிலிண்டருக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேடையைப் பெருக்கும்போது நகர்த்தி வைத்ததிலேயே இது நடக்கும். ரெகுலேட்டரைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள், கிளிக் என்று விழாமல் பாதியில் நின்றிருக்கலாம். அதற்கும் சரிவரவில்லை என்றால்தான் ரெகுலேட்டர் மேல் சந்தேகப்பட வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு மார்கழியில் இன்னொரு காரணம். சமையல் கேஸ் புரோபேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேனுக்கு ஏறக்குறைய 0 டிகிரி வேண்டும். குளிரில் அது சோம்பிக்கொண்டு திரவமாகவே கிடக்கும், அழுத்தம் விழும். சிலிண்டர் பாதிக்குக் கீழே போன பிறகு இந்தத் தொல்லை அதிகமாகத் தெரியும், ஏனென்றால் முதலில் கிளம்பிப் போவது புரோபேன்தான். கல்யாண வீட்டில் பெரிய அடுப்புக்குப் போகும் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் பனி பூத்தது போல வெள்ளை படிவதும் இதனால்தான். ஆவியாக வேண்டிய வேகத்துக்குச் சூட்டைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் சிலிண்டரைப் படுக்க வைப்பது, கவிழ்ப்பது, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துவது எல்லாம் நம் ஊரில் நடப்பதுதான். செய்யவே கூடாதவையும் அவைதான். படுத்த சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்கு ஆவிக்குப் பதில் திரவமே போய்விடும். அந்தத் திரவம் அடுப்பில் ஆவியாக விரிந்தால் தீ ஆளுயரத்துக்கு எழும்.

'டப்' என்று வெடித்து உள்ளே போய் எரிகிறது

பர்னருக்கு மேலே தீ இருக்காது. அடியில் 'ஊஊ' என்று ஓர் இரைச்சல், நாப் பக்கம் சூடு, ஒரு மாதிரி காரமான வாடை. தீ பின்வாங்கி ஜெட்டின் வாயிலேயே எரிகிறது என்று அர்த்தம். உடனே நாப்பை மூடுங்கள். பர்னர் ஆறும்வரை காத்திருந்து திரும்பப் பற்ற வையுங்கள். விட்டுவைத்தால் வால்வில் இருக்கும் கிரீஸ் உருகி அங்கேயே கசிய ஆரம்பிக்கும்.

கலவை வெளியே வரும் வேகத்தைவிடத் தீ உள்ளே ஓடும் வேகம் கூடினால் இப்படி ஆகும். கேஸ் வரத்து ரொம்பக் குறைந்து, பர்னர் நன்றாகச் சூடாகியிருக்கும்போது வரும் வாய்ப்பு அதிகம். ஜெட் பாதி அடைத்திருப்பது, ஒட்டடை, பர்னர் மூடி சரியாக உட்காராதது, பர்னரில் கீறல் விட்டிருப்பது, வருடக்கணக்கில் குத்திக் குத்தித் துளையே பெரிதாகிப்போனது இவைதான் காரணங்கள். கடைசி இரண்டுக்கும் புது பர்னர்தான் தீர்வு. அணைக்கும்போது மட்டும் சின்னதாக 'டப்' என்று வந்தால் அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் பெரிய விஷயமில்லை.

சிம்மில் வைத்தால் அணைந்துவிடுகிறது

பாலைச் சிம்மில் வைத்துவிட்டு ஹாலுக்குப் போய்த் திரும்பினால் தீ இல்லை, கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. நச்சரிக்கும் கோளாறுகளில் ஆபத்தானது இது, ஏனென்றால் நாம் பக்கத்தில் இல்லாதபோது நடக்கிறது.

முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள். ஜன்னல் எதிரேயா, ஹால் மின்விசிறி காற்று மேடைவரை வருகிறதா? ஜன்னலைச் சாத்தியும் அணைந்தால் வால்வுக்குள் இருக்கும் சிம் துளையில் பழைய கிரீஸ் அடைத்திருக்கும். நாப்பை உருவினால் சில அடுப்புகளில் வால்வின் பக்கத்தில் ஒரு சின்ன திருகாணி தெரியும், சிம் அளவு அதில்தான் இருக்கிறது. தொடலாம்தான். கால் சுற்றுக்கு மேல் ஒரு பக்கமும் திருப்பாதீர்கள், எங்கே இருந்தது என்று ஒரு குறி போட்டுவிட்டுத் திருப்புங்கள். துளை அடைப்புக்கு வால்வையே பிரிக்க வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை.

ஒரு பக்கம் மட்டும் எரிகிறது, பற்ற நேரமாகிறது

பெரும்பாலும் அடைத்த துளை, இல்லையென்றால் கோணலாக உட்கார்ந்த பர்னர். நாப்பைத் திறந்து அரை நிமிடம் வரை லைட்டரை அடித்துக்கொண்டே இருப்பது வேண்டாம். மூன்று நான்கு அடிக்குள் பற்றவில்லையென்றால் மூடிவிட்டு, கேஸ் கலையட்டும் என்று நின்று, மறுபடி முயலுங்கள். தேங்கிய கேஸ் ஒரே சமயத்தில் பற்றினால் புருவம் போய்விடும். லைட்டரைத் தண்ணீர்க் கையோடு பிடித்து ஈரமாக்கிவிட்டு அடுப்பைத் திட்டுபவர்களும் உண்டு. வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் லைட்டர் பிழைத்துவிடும்.

தீ பர்னரை விட்டு எழும்பி நிற்கிறது

தீக்கும் பர்னருக்கும் நடுவே இடைவெளி விட்டு, 'ஃபுஸ்' என்று சீறி, சில இடத்தில் அணைந்து அணைந்து எரிவது. பற்ற வைத்த முதல் நிமிடத்தில் லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள், பர்னர் சூடானதும் அடங்கும். எல்லா பர்னரிலும் எப்போதும் இப்படி என்றால் அழுத்தம் கூடுதலாக வருகிறது, ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அடுப்பை உபயோகிக்காமல் ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். அத்தையிடம் சொன்ன அதே கணக்குதான், இந்த முறை திசை மட்டும் வேறு.

நாப் இறுக்கம், நாப்புக்குப் பின்னால் தீ

நாப் திருப்பக் கஷ்டமாக இருந்தால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீட்டில் உண்டு. இரண்டு நாள் வழுக்கும், மூன்றாம் வாரம் சூட்டில் பிசினாகி முன்னைவிட மோசமாகும். துரு எடுக்கும் ஸ்ப்ரே இன்னும் மோசம், அது வால்வில் இருக்கும் கிரீஸையே கழுவிவிடும். அந்த கிரீஸ் வழுக்குவதற்கு மட்டுமல்ல, கேஸ் கசியாமல் அடைப்பதும் அதுதான். சூடு தாங்கும் தனி கிரீஸ் வைத்து ரிப்பேர்காரர் செய்ய வேண்டிய வேலை இது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், உங்கள் எதிரிலேயே சோப்புத் தண்ணீர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நாப்பைச் சுற்றி நீலமாகச் சின்னத் தீ தெரிந்தால் ஊதி அணைக்கப் பார்க்காதீர்கள், ரெகுலேட்டரை மூடுங்கள். வால்வு கசிகிறது. சரிசெய்யும்வரை அந்த அடுப்பில் ஒரு காபிகூட வேண்டாம்.

ஆட்டோ இக்னிஷன் அடுப்பும் ஹாபும்

நாப்பைத் திருப்பினால் தானே பொறி விட்டுப் பற்றுவது ஆட்டோ இக்னிஷன், மேடைக்குள் பதித்த அடுப்பு ஹாப். டக் டக் என்கிறது, பொறி வரவில்லை என்றால் பர்னர் பக்கத்தில் நிற்கும் வெள்ளைப் பீங்கான் குச்சியைப் பாருங்கள். ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் துடைத்துக் காயவிடுங்கள். விரிசல் விட்டிருந்தால் மாற்ற வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஹாப்பின் அடியில் பேட்டரி இருக்கிறதா என்று தேடுங்கள். மேடைக்குள் பதித்துக் கொடுத்தவர் அதைச் சொல்லாமலே போயிருப்பார். மேடை கழுவிய பிறகு டக் டக் நிற்காமல் அடித்தால் சுவிட்சுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, காய்ந்தால் நின்றுவிடும்.

பற்றுகிறது, நாப்பிலிருந்து கையை எடுத்ததும் அணைகிறது என்பது ஹாப் வாங்கியவர்கள் பலர் சொல்வது. அது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் சென்சார் ஒன்று பர்னர் ஓரத்தில் இருக்கிறது. அது சூடாகும்வரை, அதாவது ஐந்து முதல் பத்து விநாடி, நாப்பை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அதற்கும் மேல் பிடித்தும் அணைந்தால் அதன் நுனியில் கரி படிந்திருக்கும், மெல்லத் துடைத்தால் போதும்.

குழாய் கேஸுக்கு மாறிய பிறகு தீ சின்னதாக இருக்கிறது

அடுப்பு பழையது, கேஸ் புதிது. குழாயில் வருவது மீத்தேன். அதே அளவு கேஸில் சிலிண்டர் கேஸைவிடச் சூடு குறைவு, அழுத்தமும் குறைவு, அதனால் ஜெட்டின் துளை பெரிதாக இருக்க வேண்டும். இணைப்புக் கொடுப்பவர் ஜெட்டை மாற்றித் தர வேண்டும். மாற்றாமல் போயிருந்தால் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். வீடு மாறி மறுபடி சிலிண்டருக்கு வந்தால் பழைய ஜெட்டையே திரும்பப் போட வேண்டும், பெரிய துளையோடு சிலிண்டர் கேஸை விட்டால் தீ மஞ்சளாக எகிறும். கழற்றிய ஜெட்டுகளை ஒரு கவரில் போட்டு, மேலே எது எந்த பர்னருக்கு என்று எழுதி, அடுப்பு பில்லோடு சேர்த்து வையுங்கள்.

புது பர்னர் வாங்கப் போகும்போது

அளவு சொல்லி வாங்காதீர்கள், பழையதை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். மேல் அகலம் ஒன்றாக இருந்தாலும் மிக்ஸிங் டியூபில் உட்காரும் கழுத்து அடுப்புக்கு அடுப்பு மாறும். கடையிலேயே பழையதையும் புதியதையும் இரண்டு கையில் வைத்துப் பாருங்கள், புதியது ரொம்ப லேசாக இருந்தால் வேறு காட்டச் சொல்லுங்கள். அத்தை அப்படித்தான் மூன்றைத் திருப்பிக் கொடுத்து நாலாவதை எடுத்தார். சின்ன பர்னருக்கு. பெரியது கரப்பான் போன பிறகு இன்னும் நன்றாகவே எரிகிறது.